ஒரே டிரைவருக்கு எந்தப் பெட்டி? வீட்டில் செய்யும் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர்களின் பெட்டித் தேர்வு

ஒரே கூம்பைக் கொண்டு ஏறத்தாழ இசையின் முழு வீச்சையும் ஒலிக்கச் செய்யும் டிரைவரை (மின்சாரத்தை ஒலியாக்கும் ஸ்பீக்கர் உறுப்பை) ஃபுல்ரேஞ்ச் என்கிறோம். தாழ்ந்த ஒலிக்கான வூஃபருக்கு இவ்வளவு, மேல் ஒலிக்கான ட்வீட்டருக்கு இவ்வளவு என்று ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கிராஸ்ஓவர் இதில் கிடையாது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் கம்பி நேராக, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலுக்குப் போய்ச் சேர்கிறது. மின்சுற்று வேலை இப்படி மிச்சமானாலும், மிச்சமான பொறுப்பு முழுவதும் பெட்டியின் தலையில்தான் வந்து விழுகிறது. இருவழி ஸ்பீக்கரில் பெட்டி சற்றுப் பிசகினால் கிராஸ்ஓவரைத் திருத்தி ஓரளவு ஈடுகட்டிவிடலாம். ஃபுல்ரேஞ்சில் மந்திர ஸ்தாயி எவ்வளவு தூரம் இறங்கும், பாடகரின் குரல் மெலிந்து கேட்குமா தடித்துக் கேட்குமா, மிருதங்கத்தின் தொப்பி அடி நின்று பேசுமா அமுங்கிப் போகுமா என்பனவற்றையெல்லாம் மரவேலையே தீர்மானிக்கிறது.

கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று இளகுகிறது. ஆகவே முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன. இரண்டும் தடையின்றிக் கலந்தால் தாழ்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தப் பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதில்தான் பெட்டி வகைகள் வேறுபடுகின்றன. அதை அடைத்து வைப்பது மூடிய பெட்டி. ஒரு குழாயின் வழியே கட்டம் திருப்பி வெளியே விடுவது பேஸ் ரிஃப்ளெக்ஸ். நீண்ட பாதையில் நடக்கவிட்டு வெளியேற்றுவது டிரான்ஸ்மிஷன் லைன். விரியும் கொம்பில் செலுத்துவது பேக்லோடட் ஹார்ன். ஒன்றும் செய்யாமல் ஒரு பலகையில் பொருத்தி அப்படியே விட்டுவிடுவது ஓபன் பேஃபிள்.

அழகான ஒரு ஹார்ன் வரைபடத்தைப் பார்த்து மயங்கி, பெட்டியை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்தும் டிரைவரைப் பிறகு தேடுவது இந்தப் பொழுதுபோக்கில் பலருடைய வழக்கம். என் கருத்தில் அந்த வரிசை தலைகீழானது. நீங்கள் கேட்கும் இசையின் மிகத் தாழ்ந்த சுரம் எது, கையில் உள்ள டிரைவரின் அளவுகள் என்ன, அதை ஓட்டப்போகும் ஆம்ப்ளிஃபையர் எத்தகையது, பெட்டி நிற்கப்போகும் அறை எவ்வளவு பெரியது என்ற நான்கையும் தாளில் எழுதிவிட்டால், ஐந்து வகைகளில் மூன்று தாமாகவே கழன்றுகொள்ளும்.

டிரைவரின் மூன்று எண்கள்

1932இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் பேஸ் ரிஃப்ளெக்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் அடுத்த முப்பது ஆண்டுகள் அந்தப் பெட்டியை வெட்டிப் பார்த்தும் ஒட்டிப் பார்த்தும்தான் செய்துவந்தார்கள். 'பூம் பெட்டி' என்ற கெட்ட பெயர் அதற்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல், டிரைவரையும் பெட்டியையும் ஒரு மின்வடிகட்டியாகப் பாவித்துக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதினார். இன்று எந்த டிரைவரை வாங்கினாலும் கூடவே வரும் தீல்-ஸ்மால் அளவுகள் இவர்கள் தந்தவை.

அவற்றில் மூன்று போதும். எஃப்எஸ் என்பது டிரைவர் தானாக ஒத்ததிரும் அதிர்வெண். விஏஎஸ் என்பது கூம்பின் தொங்கல் (கூம்பைச் சட்டத்தோடு பிணைக்கும் நெகிழ்வான பகுதி) எவ்வளவு இளக்கமானது என்பதை அதற்குச் சமமான காற்றின் லிட்டர் கணக்கில் சொல்வது. க்யூடிஎஸ் என்பது அந்த ஒத்ததிர்வைக் காந்தமும் தொங்கலும் சேர்ந்து எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதன் அளவு. எண் சிறிதானால் பிடி அதிகம். பெட்டித் தேர்வில் பெரும் பங்கு இந்தக் கடைசி எண்ணுக்கே. பட்டறை வழக்காகச் சொன்னால், 0.3க்குக் கீழே இருந்தால் ஹார்ன், 0.3 முதல் 0.4 வரை பேஸ் ரிஃப்ளெக்ஸ், 0.4 முதல் 0.6 வரை டிரான்ஸ்மிஷன் லைனோ மூடிய பெட்டியோ, 0.7ஐத் தாண்டினால் ஓபன் பேஃபிள். எல்லைகள் கல்லில் செதுக்கியவை அல்ல, ஆனால் அவற்றை மீற விரும்புபவர் ஏன் மீறுகிறோம் என்பதைத் தெரிந்து மீறவேண்டும்.

கணக்கைக் கண்ணால் பார்க்க ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். 1964இல் ஜப்பானின் ஃபாஸ்டர் நிறுவனம் அறிமுகப்படுத்தி, பிறகு அதன் ஃபாஸ்டெக்ஸ் பெயரில் பல வடிவங்களில் விற்கப்பட்டுவரும் எஃப்இ103 வகையைச் சேர்ந்த, 4 அங்குலக் காகிதக் கூம்பு டிரைவர் என்று வைத்துக்கொள்ளலாம்: எஃப்எஸ் 83 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.33, விஏஎஸ் 6 லிட்டர். இதை மூடிய பெட்டியில் வைத்துச் சீரான ஒலி வேண்டுமானால், அதாவது பெட்டியோடு சேர்ந்த க்யூ 0.7 ஆகவேண்டுமானால், பெட்டியின் கொள்ளளவு ஒன்றே முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஒத்ததிர்வு 178 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வீதம் சரியும். பெட்டியைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றலாம், ஆனால் நடப்பது நேர்மாறு. பெட்டி பெரிதாகப் பெரிதாகச் சரிவு மெதுவாகிறது, ஆனால் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது; எல்லையற்ற பெரிய பெட்டியில் வைத்தாலும் 3 டெசிபெல் இழப்பு 220 ஹெர்ட்ஸை ஒட்டியே வந்துவிடும். பலமான காந்தம் கூம்பை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது.

1954இல் எட்கர் வில்சர், ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து ஏஆர்-1 என்ற ஸ்பீக்கர் மூலம் மூடிய சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த பேஸை (தாழ்ந்த ஒலியை) வரவழைத்துக் காட்டினார் என்பது வரலாறு. ஆனால் அவர் அதற்காகவே கனத்த கூம்பும் மிக இளகிய தொங்கலும் கொண்ட வூஃபரைச் செய்தார். இலேசான கூம்பும் பெரிய காந்தமும் கொண்ட ஃபுல்ரேஞ்ச் டிரைவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதே டிரைவரை வழக்கமான சூத்திரங்களின்படி ரிஃப்ளெக்ஸ் பெட்டியில் வைத்தால் ஏறத்தாழ 3.7 லிட்டரில் 100 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். முன்னேற்றம்தான். ஆனாலும் நாலு லிட்டருக்கும் குறைவான பெட்டியில் 100 ஹெர்ட்ஸோடு நிற்கும் ஸ்பீக்கரை வரவேற்பறையில் யார் வைத்துக்கொள்வார்?

ஆம்ப்ளிஃபையரும் பெட்டியின் ஒரு பகுதியே

மேற்கண்ட கணக்கு முழுவதும் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடை பூச்சியம் என்று நினைத்துப் போட்டது. சென்னை ரிச்சி தெருவில் பலகையாகக் கிடைக்கும் எல்எம்3886, டிடிஏ7294 போன்ற ஐசி ஆம்ப்ளிஃபையர்களுக்கும், இன்றைய கிளாஸ்-டி பலகைகளுக்கும் அது ஏறத்தாழ உண்மை. ஆனால் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரைத் தேடுபவர்களில் பலர் 300பி, 2ஏ3 போன்ற வால்வுகளைக் கொண்ட சிங்கிள்-எண்டட் ஆம்ப்ளிஃபையர்களை வைத்திருப்பவர்கள். பின்னூட்டம் இல்லாத அத்தகைய ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடை 2 முதல் 3 ஓம் வரை இருப்பது சாதாரணம். அந்த மின்தடை காந்தத்தின் பிடியைத் தளர்த்துகிறது. டிரைவரின் க்யூடிஎஸ் உயர்ந்துவிடுகிறது.

எவ்வளவு உயரும்? வாய்ஸ் காயிலின் நேர்மின்தடை 7.5 ஓம் என்றும் ஆம்ப்ளிஃபையரின் மின்தடை 2.5 ஓம் என்றும் கொண்டால், நம் டிரைவரின் 0.33 என்பது 0.42 ஆகிவிடுகிறது. இந்தப் புது எண்ணை அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: ரிஃப்ளெக்ஸ் பெட்டியின் கொள்ளளவு 3.7இலிருந்து 7.6 லிட்டருக்குப் போகிறது, பேஸ் எல்லை 100இலிருந்து ஏறத்தாழ 72 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. டிரைவர் மாறவில்லை, பெட்டி மட்டும் இரு மடங்காகிவிட்டது. ஒருவர் புகழ்ந்த அதே பெட்டியை இன்னொருவர் 'பேஸே இல்லை' என்று ஒதுக்குவதற்குப் பெரும்பாலும் காதோ ரசனையோ காரணமல்ல. இருவருடைய ஆம்ப்ளிஃபையர்களும் வேறு.

வால்வு ஆம்ப்ளிஃபையர் இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. 2 அல்லது 2.5 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கர் கம்பியில் தொடராகச் சேர்த்தால் அதே விளைவு கிடைக்கும். நடு அதிர்வெண்களில் இரண்டேகால் டெசிபெல் போல ஒலி குறையும். ஆனால் ஒத்ததிர்வில் டிரைவரின் மின்மறுப்பு பல மடங்கு உயர்ந்திருப்பதால் அங்கே இழப்பு மிகச் சொற்பம். ஆக, பேஸ் ஒப்பளவில் எழுந்து நிற்கிறது. டேம்பிங் ஃபேக்டர் (ஆம்ப்ளிஃபையர் கூம்பை அடக்கிப் பிடிக்கும் திறன்) கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. மிகையாக இறுக்கிப் பிடித்த டிரைவரைச் சற்றுத் தளர்த்துவது கெடுப்பதாகாது. ஏற்கெனவே க்யூடிஎஸ் 0.5 உள்ள டிரைவரில் இதையே செய்தால் மட்டும் பேஸ் தொளதொளத்துப் போகும்.

க்யூடிஎஸ்ஸுக்கு அடுத்தபடியாகக் கேட்கவேண்டிய எண் எக்ஸ்மேக்ஸ்: காயில் காந்த இடைவெளியை விட்டு விலகாமல் கூம்பு ஒரு பக்கமாக எவ்வளவு நகரலாம் என்பது. பழைய பாணி ஃபுல்ரேஞ்ச் டிரைவர்களில் இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 50 சதுர செ.மீ. பரப்புள்ள கூம்பு 0.6 மி.மீ. நகர்ந்தால், 80 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 74 டெசிபெல் கிடைக்கும். உரையாடலைவிடக் கொஞ்சம் உரத்த ஒலி, அவ்வளவே. அதே அளவு ஒலி 40 ஹெர்ட்ஸில் வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு நகரவேண்டும். ஆகவே இத்தகைய டிரைவருக்குக் கூம்பை ஓடவிடாமல் பேஸை வேறொன்று சுமக்கும் பெட்டிதான் தேவை. ரிஃப்ளெக்ஸ் குழாய் தன் இசைவு அதிர்வெண்ணில் இதைத்தான் செய்கிறது. அங்கே கூம்பு ஏறத்தாழ அசையாமல் நிற்க, குழாயில் உள்ள காற்று வேலை செய்கிறது. ஆனால் அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றுத் தாங்கல் போய், கூம்பு தறிகெட்டு ஆடும். மார்க் ஆடியோவின் உலோகக் கூம்பு டிரைவர்கள் போன்ற, அசைவு மிகுந்த புதிய தலைமுறையில் இந்த நெருக்கடி குறைவு. அதற்கு ஈடாக ஒலித்திறன் குறைந்து, கூடுதல் வாட் கேட்கும்.

நீண்ட குழாயும் கொம்பும்

ஒரு முனை மூடிய குழாயில், அதன் நீளம் அலைநீளத்தின் கால் பங்காக இருக்கும் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு உண்டாகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும் என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் குழாய் வேண்டும். அதை ஒருமுறை மடித்தால் இடுப்புயரக் கோபுரமாகிவிடுகிறது. ஆங்கிலேயரான பால் வோய்ட் 1930களிலேயே படிப்படியாக அகலும் கால் அலைக் குழாயைச் செய்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1965இல் ஏ. ஆர். பெய்லி, குழாய் முழுவதும் நீண்ட இழைக் கம்பளியைத் திணித்து மேல் அதிர்வெண்களை உறிஞ்சிவிடும் வடிவத்தை வெளியிட்ட பிறகுதான் டிரான்ஸ்மிஷன் லைன் என்ற பெயர் பரவியது.

வீட்டில் செய்பவர்களுக்கு இந்த வகையில் மிகவும் கைகொடுப்பது, அமெரிக்கப் பொறியாளர் மார்ட்டின் கிங்கின் கணக்கு முறையால் பிரபலமான, முனையில் சிறு போர்ட் (காற்று வெளியேறும் துளை) வைத்த நேர்க்குழாய். ஒரு மீட்டர் நேர்க்குழாய் தானாக 87 ஹெர்ட்ஸில்தான் ஒத்ததிரும். அதன் வாயை அடைத்து ஒரு சிறிய போர்ட்டை மட்டும் விட்டால், போர்ட்டிலுள்ள காற்றின் பாரம் அந்த அதிர்வெண்ணை 50களுக்கு இழுத்துவிடுகிறது. மடிப்புகள் இல்லை, உள்தட்டுகள் இல்லை; நான்கு நீளப் பலகைகளும் இரண்டு மூடிகளும் போதும். டிரைவரை உச்சியில் வைக்காமல் மூடிய முனையிலிருந்து நீளத்தின் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால், குழாயின் அடுத்த ஒத்ததிர்வான முக்கால் அலை தூண்டப்படுவதில்லை. ஐந்தில் ஒரு பங்கில் வைத்தால் அதற்கும் அடுத்தது அடங்குகிறது. இருந்து கேட்கும்போது டிரைவர் காது உயரத்தில் இருக்கவேண்டும் என்பதையும் பார்த்து இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தெரிவு செய்வது வழக்கம்.

பேக்லோடட் ஹார்னின் கதை வேறு. கூம்பின் பின்பக்க ஒலியை மெல்ல விரியும் பாதையில் செலுத்தினால், சிறிய கூம்பு பெரிய பரப்பிலுள்ள காற்றை நன்றாகப் பற்றிக்கொள்கிறது. ஒலித்திறன் உயர்கிறது, கூம்பின் அசைவு குறைகிறது. க்யூடிஎஸ் 0.2 அளவிலுள்ள, பெரிய காந்தம் கொண்ட டிரைவர்களுக்கு இதைவிட இயல்பான வீடு கிடையாது. ஜப்பானில் நாகாஓகா டெட்சுவோ வடிவமைத்த பெட்டிகளில், மெல்லிய கழுத்தின் மேல் சிறிய தலையுடன் நிற்கும் அன்ன வடிவக் கொம்பை ஏராளமானோர் வீட்டில் செய்திருக்கிறார்கள்.

ஆனால் கொம்பின் இயற்பியல் கறாரானது. 50 ஹெர்ட்ஸ் வரை உண்மையாக வேலை செய்யும் கொம்பின் வாய்ச் சுற்றளவு அந்த அலைநீளத்தை ஒட்டியிருக்கவேண்டும்; விட்டம் இரண்டேகால் மீட்டர். அறையின் மூலையில் வைத்தால் தரையும் இரு சுவர்களும் கொம்பின் நீட்சியாகி, வாயின் பரப்பு எட்டில் ஒன்றாகக் குறையலாம். 1946இல் பால் கிளிப்ஷ் தம் புகழ்பெற்ற மூலைக் கொம்பை விற்கத் தொடங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான். அப்போதும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஏறத்தாழ 70 செ.மீ. சதுர வாய் தேவை. வீட்டு வரைபடங்களில் காணும் கொம்புகளின் வாய் இதில் ஒரு சிறு பங்கே என்பதால், அவை பாதி கொம்பாகவும் பாதி ஒத்ததிரும் குழாயாகவும்தான் இயங்குகின்றன. பேஸ் சமதளமாக வராமல் மேடும் பள்ளமுமாக வரும். இரண்டரை மீட்டர் பாதையைக் கடந்து வரும் ஒலி முன்பக்க ஒலியைவிட ஏழு மில்லிநொடி பிந்துகிறது. இரண்டும் சந்திக்கும் அதிர்வெண்களில் சில கூடும், சில அழியும். தாளவாத்தியத்தின் அடியில் இது துடிப்பாகக் கேட்பதால் பலருக்குப் பிடித்துப்போகிறது. அந்த ரசனையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கோணம் பிசகாமல் அறுத்து, உள்ளே காற்றுக் கசியாமல் ஒட்டவேண்டிய, மூடிய பிறகு திருத்தவே முடியாத ஒரு பெட்டியை முதல் முயற்சியாக யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஓபன் பேஃபிளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டியே இல்லாததால் பெட்டிச் சத்தமும் இல்லை. குரல் அவ்வளவு திறந்து கேட்கும். 60 செ.மீ. அகலப் பலகையில் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸிலிருந்தே முன்னும் பின்னும் அழித்துக்கொள்ளத் தொடங்கும் என்பதால், க்யூடிஎஸ் உயர்ந்த பெரிய டிரைவரோ தனி வூஃபரோ இல்லாமல் இது முழுமை பெறாது. சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க இடமும் வேண்டும்.

அறையும் இசையும்

தாழ்ந்த எல்லை எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு '40 ஹெர்ட்ஸாவது வேண்டாமா' என்று வாய்ப்பாடுபோல் விடை சொல்லிவிடுகிறோம். கேட்கும் இசையைக் கொண்டு இதை முடிவு செய்யலாம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். தம்பூராவின் மந்திர ஷட்ஜத் தந்தி 65 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு அந்தத் தந்தி 98 ஹெர்ட்ஸ். தம்பூராவின் ஒலி அடிப்படைச் சுரத்தைவிட அதன் மேல்சுரங்களிலேயே செறிந்திருக்கிறது. ஜீவா என்று நாம் சொல்வது அதைத்தான். கர்நாடக இசைக் கச்சேரியை முதன்மையாகக் கேட்பவருக்கு 65 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும் பெட்டியில் குறை தெரியாது. பேஸ் கிட்டார் ஓடும் திரையிசை வேண்டுமென்றால் கதை மாறுகிறது. அதன் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அதற்கு 4 அங்குல டிரைவர் ஒன்றை நம்புவதைவிட, 6 அல்லது 8 அங்குல டிரைவருக்குப் போவதோ சப்வூஃபர் ஒன்றைத் துணைக்கு வைப்பதோ மேல். மின்விசிறி ஓடி, ஜன்னல் திறந்திருக்கும் அறையில் மெல்லிய ஆழ்ந்த பேஸ் எப்படியும் பாதி கரைந்துபோகும் என்பதும் உண்மை.

வெளிநாட்டு வரைபடங்களை அப்படியே எடுத்தாளும்போது கவனிக்கவேண்டியது சுவர். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீடுகளில் சுவரே அதிர்ந்து தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. நம் செங்கல், சிமென்ட் சுவர்கள் அப்படி விழுங்குவதில்லை. ஒலி திரும்பத் திரும்ப மோதித் தேங்குகிறது. இத்துடன் நம் அறைகளின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரக் கூரை என்பது தமிழ்நாட்டு வீடுகளில் மிகச் சாதாரணம். பன்னிரண்டடி நீளம் 48 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. பத்தடி அகலமும் பத்தடி உயரமும் இரண்டுமே 57 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. இத்தகைய அறையில் 55 ஹெர்ட்ஸுக்கு இசைத்த ரிஃப்ளெக்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், காகிதத்தில் குற்றமற்ற அந்தப் பெட்டி ஒரே சுரத்தில் உறுமும். அங்கே 70 ஹெர்ட்ஸுக்கு இசைத்த சிறிய பெட்டியோ, மெல்லச் சரியும் டிரான்ஸ்மிஷன் லைனோ கேட்க நன்றாக இருக்கும். கீழே குறைவதை அறையே நிரப்பிவிடுகிறது.

பெட்டியின் முகத்தின் அகலமும் ஒலியை மாற்றும். மேல் அதிர்வெண்களில் ஒலி முன்னோக்கி மட்டும் செல்கிறது. அலைநீளம் முகத்தைவிடப் பெரிதாகும்போது அது பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவுகிறது. 20 செ.மீ. அகல முகத்தில் இந்த மாற்றம் 575 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்டது. திறந்த வெளியில் அதற்குக் கீழே ஒலி படிப்படியாக 6 டெசிபெல் வரை குறையும். பெண் குரல் மெலிந்து, ச, ஷ ஒலிகள் உறுத்திக் கேட்பதற்கு ஃபுல்ரேஞ்ச் டிரைவரைக் குறை சொல்பவர்கள் முதலில் இதைச் சந்தேகிக்கவேண்டும். காயிலையும் ரெசிஸ்டரையும் இணையாகச் சேர்த்துத் தொடரில் போடும் சிறு சுற்று இதைச் சரிசெய்யும், ஆனால் நடு அதிர்வெண்களுக்கு மேல் ஒலித்திறனைக் குறைத்தே சரிசெய்யும். அது பிடிக்காதவர்கள் முகத்தை அகலமாக்கலாம், அல்லது பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்கும்படி முதலிலேயே திட்டமிடலாம்.

மரமும் குழாயும்

பலகைக்கு என் தேர்வு 18 அல்லது 19 மி.மீ. பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) தரப் பிளைவுட். எம்டிஎஃப் அறுக்கச் சுலபம், ஒலிக்கும் குறைவில்லை. ஆனால் ஈரம்பட்டால் விளிம்பு உப்பும். கரையானைப் பற்றி நம் ஊரில் சொல்லத் தேவையில்லை. கனமான சுவர்தான் வேண்டும் என்பதும் விதியல்ல. பிபிசியின் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரின் பெட்டி 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில், உட்புறம் அதிர்வடக்கும் பட்டைகள் ஒட்டிச் செய்யப்பட்டது. உள்ளே நிரப்ப பாலியெஸ்டர் பஞ்சு போதும். இலவம்பஞ்சு நாளடைவில் அமுங்கி அடியில் இறங்கிவிடும்.

கவனிக்காமல் விட்டுவிடும் ஓர் இடம், டிரைவருக்காக வெட்டும் துளையின் பின்விளிம்பு. 4 அங்குல டிரைவருக்கான துளையை 18 மி.மீ. பலகையில் நேராக வெட்டினால் கூம்பின் பின்னால் ஒரு குட்டைச் சுரங்கம் உண்டாகி, டிரைவரின் கூடைச் சட்டத்தின் ஜன்னல்களை அடைத்துக்கொள்ளும். குரலில் மூக்கொலி ஏறும். பின்பக்கத்திலிருந்து அரத்தால் 45 பாகை சாய்வாக விளிம்பைச் சீவி, திருகாணி இறங்கும் இடங்களில் மட்டும் மரத்தை விட்டுவைக்கவேண்டும்.

ரிஃப்ளெக்ஸ் குழாயைக் கணக்கிட்ட நீளத்துக்கு வெட்டி ஒட்டிவிடக் கூடாது. மேலே கண்ட 7.6 லிட்டர் பெட்டியை 75 ஹெர்ட்ஸுக்கு இசைக்க, 4 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய் ஏறத்தாழ 6 செ.மீ. தேவை, 9 செ.மீ. துண்டை எடுத்துத் தற்காலிகமாகச் செருகுங்கள். டிரைவருக்குத் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து, செல்பேசியின் டோன் செயலியிலிருந்து 30 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிக்கொண்டே, டிரைவரின் முனைகளில் மல்டிமீட்டரால் ஏசி மின்னழுத்தத்தைப் பாருங்கள். மின்னழுத்தம் ஒருமுறை ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் பெட்டியின் உண்மையான இசைவு. குழாயை ஐந்து மில்லிமீட்டராக அறுத்துக்கொண்டே வந்தால் அந்தப் பள்ளம் படிப்படியாக மேலே நகரும். வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிட்டு, பெட்டியை அது நிற்கவேண்டிய இடத்தில் வைத்து இரண்டு நாள் கேட்டுவிட்டு மீதியை அறுப்பது நல்லது. அப்போதும் 57 ஹெர்ட்ஸில் அறை உறுமினால், குழாயின் வாயில் துளை நிறைந்த ஃபோம் துண்டு ஒன்றைச் சற்றுத் தளர்வாகச் செருகிவிடலாம். பெட்டி ரிஃப்ளெக்ஸுக்கும் மூடிய பெட்டிக்கும் இடைப்பட்டதாகிவிடும். பேஸ் கொஞ்சம் முன்னதாகவே சரியத் தொடங்கினாலும் உறுமல் அடங்கும்.